கொழுப்பில்லாத பன்றியும் எங்கள் மகளின் கலியாணமும்

வோபர்ன்,
ஐப்பசி 1996

சம்பந்தியாக வரவிருக்கும் (இன்னும் மனம் மாறாதிருந்தால்) மதிப்புக்குரிய செல்வரட்ணம் அண்ணைக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே என் மனைவி யூஜினியும் நானும் சுகம். அங்கே ரூஜில் நீங்களும் பேர்ணடெற் அக்காவும் மாப்பிள்ளைத் தம்பி றொய்சனும் நல்ல சுகத்துடனும், முக்கியமாக நல்ல மனத்துடனும் இருக்க மன்றாடுகிறேன்.

போன ஞாயிறு கலியாணப் பேச்சுக்கு வந்த நீங்கள், என் வீட்டுப் பன்றிக் கறியைக் கரண்டியால் புரட்டிப் பார்த்து, "உதென்ன அருள்நாயகம், பண்டி பட்டினி கிடந்து செத்ததோ?" என்று கேட்டீர்கள். போகும்போது "யோசிச்சுச் சொல்லுறம்" என்றீர்கள். அன்றிலிருந்து மகள் றஜிதா எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை.

அது கஞ்சத்தனம் இல்லை அண்ணை, தொழில் அறிவு. இறைச்சித் தொழிற்சாலையில் என் வேலையே, தொங்கி வரும் பன்றியின் முதுகில், விலா எலும்புகளுக்கு நடுவே ஊசிபோன்ற கருவியைக் குத்திக் கொழுப்பின் தடிப்பை அளப்பதுதான். பன்றிக்குக் கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரேமாதிரி இருப்பதில்லை. முதுகில் தோலுக்குக் கீழே போர்வைபோலக் கிடக்கும். வயிற்றில் சதை ஓர் அடுக்கு, கொழுப்பு ஓர் அடுக்கு. சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு பொதி. தோளில் சதைக்குள்ளேயே ஓடும். முதுகில் மெல்லிசாக இருந்தால் உடம்பெல்லாம் சதை கூடுதல் என்று கணக்கு, அதற்குத்தான் இந்த நாட்டில் முதல் தரம். சம்பந்திக்கு முதல் தரம் போடாமல் வேறு யாருக்குப் போடுவது என்று, ஒஷாவா நகருக்கும் அங்கால் ஒரு பண்ணைக்கு ஓடிப்போய், வெட்டித் தொங்கவிட்டிருந்த ஒவ்வொன்றின் முதுகிலும் அடிமட்டம் வைத்துக் கொழுப்பை அளந்து பார்த்து, பண்ணைக்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைக்க நினைக்க, ஆக மெலிந்ததைத் தேடிப் பிடித்தேன். யூஜினி அப்போதே சொன்னாள், "இஞ்சருங்கோ, கொழுப்பில்லாட்டிக் கறி காஞ்சுபோகும். தூளும் உறைப்பும் எதிலை பிடிக்கிறது?" நான் கேட்டேனா? வயிற்றையும் தோளையும் குப்பையில் போடச் சொல்லிவிட்டு, முதுகுச் சதையை மட்டும் காய்ச்ச வைத்தேன். கொழுப்பு உருகி ஊறாத சதை, அடுப்பில் கிடக்கக் கிடக்கச் செருப்பாகும் என்று அந்தக் கருவி எனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

பிழை என்றால் என்னுடையது, பிள்ளையினுடையது இல்லை. ஒரு சட்டிக் கறிக்காக அவளுடைய வாழ்வை நிறுத்திவிடாதீர்கள். என் வீட்டில் இனியும் கொழுப்புக்கு இடமில்லை, ஆனால் உங்களுக்கு என்றும் இடமுண்டு. மாதாவின் காவல் உங்கள் எல்லோரோடும் இருக்கட்டும்.

உங்கள் அன்பை எதிர்பார்க்கும்,
ம. அருள்நாயகம்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரம் யூஜினி இதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வயிறும் தோளும் குப்பைக்குப் போகவில்லையாம். வேறு சட்டியில் காய்ச்சி, ஆண்கள் பந்தி முடிந்தபிறகு குசினியில் பெண்களுக்குப் போட்டாளாம். பேர்ணடெற் அக்கா இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ஆம்பிளையள் ஆறுதலா யோசிக்கட்டும், தையிலை கலியாணம்" என்று சொல்லிக் கை கழுவினாவாம். றஜிதா என்னோடு பேசாதது கோபத்தில் இல்லையாம், சிரிப்பு வந்துவிடும் என்றுதானாம். செருப்பைச் சாப்பிட்டது நீங்களும் நானும்தான், அண்ணை. பிறீசரில் அந்தக் கொழுப்புக் கறி ஒரு டப்பா மிச்சம் இருக்கிறதாம். சனிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் தனியே வாருங்கள்.