கரிக்கோட்டு அண்ணாச்சியின் சந்தைப் புள்ளி

கோட்டாறு சந்தை கண்டவர்களிலேயே, ஒரு வாரம்கூடத் தவறாமல் தப்பாகவே விலை நிலவரம் சொன்ன மனிதர் கரிக்கோட்டு அண்ணாச்சி ஒருவர்தான். மழைக்குக்கூட அப்படி ஒரு ஒழுங்கு கிடையாது.

நாங்கள் பன்னிரண்டு பேர் வேலை பார்த்த, கொப்பரை மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் அவர் சாக்குத் தைப்பவர், எனக்குத் தராசு. வாரச் சந்தை கலைந்ததும் கொப்பரை, நல்லமிளகு, கருப்பட்டி, கருவாடு நான்கின் விலையையும் விசாரித்து வருவார். நான்கையும் கூட்டி, நாலால் வகுத்து, கிட்டங்கிச் சுவரில் கரித்துண்டால் ஒரு புள்ளி வைப்பார். போன வாரப் புள்ளியோடு அதை ஒரு கோட்டால் இணைத்துவிட்டு, எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார்.

"கருப்பட்டியையும் கருவாட்டையும் எப்படிக் கூட்டுதிய அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டும் ஒரே வண்டியிலதானே வருகு? வண்டிக்காரன் கூட்டலாம், நான் கூட்டப்பிடாதா?"

கோடு மூன்று முறை முட்டித் திரும்பிய உயரத்தில் ஒரு குறுக்குக்கோடு போடுவார். "இது மச்சு, கேட்டியா. இத உடைச்சு ஏறிச்சுன்னா பொறவு பிடிக்க முடியாது." அடுத்த வாரமே கோடு தரையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிடும்.

ஏறும் என்றால் இறங்கும், இறங்கும் என்றால் ஏறும். முதலாளி அவர் சொல்வதைப் பயபக்தியோடு கேட்பார். போய் அப்படியே எதிராகச் செய்வார். நல்ல லாபம். இந்த ரகசியம் சந்தைக்கே தெரியும். அண்ணாச்சியிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் விலையெல்லாம் சரிந்தபோது கோடும் சரிந்து சுவரின் அடியைத் தொட்டது. "தரை தட்டியாச்சு மக்கா, இனி இறங்க இடமில்ல" என்றார். அடுத்த வாரமும் இறங்கியது. அண்ணாச்சி மண்வெட்டியை எடுத்துச் சுவரோரம் ஒரு முழம் தோண்டி, அஸ்திவாரக் கல்லில் மிச்சக் கோட்டைப் போட்டார்.

முதலாளி குழியை எட்டிப் பார்த்தார். "ஓய், விலை இறங்கினா கிட்டங்கியும் இறங்கணுமா?"

ஆனால் அவருக்கும் தாங்கவில்லை. ஒருநாள் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். "இருக்க கொப்பரைய வித்துட்டு, கிட்டங்கியப் பூட்டிட்டு கொழும்புக்குப் போயிரலாம்னு பாக்கேன். அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும்."

அதாவது, ஏறும் என்றால் பூட்டு. இறங்கும் என்றால் நாங்கள் பிழைத்தோம். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அண்ணாச்சி குழிக்குள் இறங்கிக் குந்தினார். கடைசிப் புள்ளி இரண்டு விரல்கடை மேலே ஏறியிருந்தது எனக்கே தெரிந்தது. மனிதர் ஏறும் என்றுதான் சொல்லப்போகிறார்.

"இறங்கும் முதலாளி" என்றார் அண்ணாச்சி. "இன்னும் இறங்கும். வித்துட்டுப் போங்க."

முதலாளியின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்ப கொஞ்ச நாள் கிடக்கட்டும்" என்று சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

அடுத்த வாரம் விலை ஏறியது. அதற்கடுத்த வாரமும் ஏறியது. அண்ணாச்சிக்கு இந்தத் தடவையும் தப்பு என்று சந்தையே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "கோடு மேலதானே போச்சு அண்ணாச்சி? பின்ன ஏன் இறங்கும்னு சொன்னிய?"

"ஏறும்னு சொல்லியிருந்தா பூட்டியிருப்பாருல்லா."

"அப்ப ஒங்களுக்கு அது தெரியுமா?"

"பத்து வருசமாத் தெரியும்" என்று ஊசியில் சணலைக் கோத்தார். "வெளிய சொல்லிராத மக்கா. அந்த மனுசன் என்னய நம்பத் தொடங்கிட்டாருன்னா கிட்டங்கி கெட்டுப்போவும்."

அவர் இருந்த வரை நான் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லிவிட்டேன்: அண்ணாச்சி, அந்த வாரம் உங்கள் கோடு சரியாகத்தான் இருந்தது.