ஷெரிஃபுக்கே ஷெரிஃப் கதை

எதைப் பார்த்தாலும் அதன் பூர்வீகத்தைச் சொல்லாமல் விடாத மனிதர்கள் சிலர் உண்டு. பட்டன் அறுந்துவிட்டது, ஊசி கொடுங்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; பட்டன் எந்த நூற்றாண்டில் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு, பட்டன் இல்லாத சட்டையோடு ஆபீஸ் போவீர்கள்.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துக் காப்பெலில் குடியிருந்த வாஞ்சிநாதன் இந்த இனம். டெக்சஸுக்கு வருமுன் இங்கிலாந்தில் ஒரு கவுன்ட்டியில், அதாவது மாவட்டத்தில், ஒன்றரை வருடம் ப்ராஜெக்டில் இருந்தவர். மழை விடாத ஊர். போக்கிடமில்லாமல் நூலகத்தில் உட்கார்ந்து, அந்த வட்டாரத்து ஹை ஷெரிஃப் பதவியின் சரித்திரம் முழுவதையும் படித்துத் தொலைத்திருந்தார்.

அதை அதிகம் கேட்டவள் அவர் மனைவி காமாக்ஷி. 1998இல் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவளுக்கு டிரைவிங் டெஸ்ட். ஆறு வாரம் காத்திருந்து கிடைத்த தேதி. லைசென்ஸ் மட்டும் வந்துவிட்டால், பால் வாங்கக்கூட அவரோடு, அதாவது சரித்திரத்தோடு, காரில் போக வேண்டாம். அன்று வாஞ்சிநாதன் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது.

இறங்கி வந்த போலீஸ்காரர், கவுன்ட்டி ஷெரிஃபின் டெபுடி, நல்ல மனிதர். "இந்தத் தடவை எச்சரித்து விடுகிறேன். கிளம்புங்கள்" என்றார்.

கிளம்பியிருக்கலாம். கிளம்பினாரா?

"ஆபீசர், உங்கள் பதவி எப்படி வந்தது தெரியுமா?"

காமாக்ஷி கண்ணை மூடிக்கொண்டாள். ஆயிரம் வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் 'ஷையர்' என்றால் வட்டாரம், 'ரீவ்' என்றால் அதிகாரி, இரண்டும் ஒட்டிக்கொண்டு ஷெரிஃப் ஆனது. ராஜாவுக்கு வரி வசூலித்தவர் அவர், குறைந்தால் கைக்காசைப் போட்டவர் அவர், திருடனைத் தூக்கில் போட்டவரும் அவரே. இன்றைக்கோ வெல்வெட் கோட்டு, இடுப்பில் வாள், சம்பளமில்லாத ஒரு வருடம், அதற்கும் ராணி பெயர்ப் பட்டியலில் ஊசியால் குத்தித்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பார் என்று வாஞ்சிநாதன் மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

டெபுடி தொப்பியைக் கழற்றினார். கோபமில்லை. சுவாரசியம். "எங்கள் கவுன்ட்டியின் முதல் ஷெரிஃப் யார் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அவரும் அதே இனம்.

"ஏன்னா, மணி ஒன்பதே முக்கால் ஆயிடுத்து."

"ஒரே நிமிஷம், காமு. அந்தக் காலத்து ஜெயிலைப் பத்தி சொல்லிண்டிருக்கார்."

காமாக்ஷி ஜன்னல் வழியே தலையை நீட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்: "ஆபீசர், தயவுசெய்து அபராத டிக்கெட் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் போக வேண்டும்."

இருபது வருட சர்வீஸில் அவரிடம் டிக்கெட்டை யாரும் கேட்டு வாங்கியதில்லை. எழுதிக் கொடுத்தார்.

லைசென்ஸ் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே கால். "உங்கள் பெயரை அடித்தாயிற்று. இனி ஆறு வாரம் கழித்துத்தான். ஏன் தாமதம்?" என்றாள் கவுன்ட்டர் பெண்மணி, தலை நிமிராமல்.

காமாக்ஷி கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். "ஆயிரம் வருடத்துக்கு முன்னால், இங்கிலாந்தில்..."

அவள் ராஜாவின் வரிக்கு வருவதற்குள் ஒரு படிவம் அவள் பக்கம் நகர்ந்தது. "பதினோரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து உட்காருங்கள்."

பாஸ். திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். பக்கத்து சீட்டிலிருந்து வழியெல்லாம் பேசியது யார் என்று சொல்ல வேண்டுமா?

நீங்கள் சிரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் இன்று சாயங்காலம் யாராவது போலீஸ் பேச்சை எடுத்தால், ஷெரிஃப் என்ற வார்த்தை எப்படி வந்தது தெரியுமா என்று கேட்க உங்கள் நாக்கு துறுதுறுக்கும். எதிரே இருப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிறாரா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.