எல்லாப் பனிக்கும் ஒரே ஜோடி

மிங்கலாடோன், யாங்கூன்

மதிப்பிற்குரிய அத்தான் சுப்பிரமணியம் அவர்களுக்கு, மைத்துனன் கார்த்திகேசன் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற யாவும் சுகம். அங்கே தாங்களும் அம்சவேணி அக்காவும் இடுப்பு உட்பட எல்லாம் சுகமாயிருக்க முனீஸ்வரனை வேண்டுகிறேன்.

சென்ற கடிதத்தில் தாங்கள், "சத்யபாமா ஜப்பான் பனிமலையில் ஓட்டல் பாத்திரம் கழுவியது போதும், அழைத்து வந்து எங்கள் உதயசூரியனுக்குக் கட்டி வை" என்று எழுதியிருந்தீர்கள். என் மகள் இப்போது பாத்திரம் கழுவுவதில்லை அத்தான். ஓய்வு நேரத்தில் பனிச்சறுக்குக் கற்று, பரீட்சையும் தேறி, மலையில் விழுந்து கிடப்பவர்களைத் தூக்கி வரும் மீட்புக் குழுவில் சேர்ந்துவிட்டாள். இதைக் கேட்டு என் மனைவி ராணி கலங்கினாள். நான் ஒரு நிமிஷம்கூடப் பயப்படவில்லை.

சேர்ந்ததும் ஒரு சிக்கல். அதுவரை ஓட்டல்காரர்களின் இரவல் சறுக்குக்கட்டையில் போனவள், இனி தினமும் மாட்டச் சொந்தமாக ஒரு ஜோடி வாங்க வேண்டும். போனில் கேட்டாள்: "அப்பா, டயர் கடை வெச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க. காலையில பனி கல்லா இறுகிக் கிடக்கும், அங்க ஒல்லிக் கட்டைதான் பிடிமானம். மத்தியானம் மரங்களுக்கு நடுவுல புதுப்பனி, மாவு மாதிரி. அங்க ஒல்லி புதைஞ்சிரும், அகலம்தான் மிதக்கும். சாயங்காலம் எல்லாம் உருகிக் கூழாயிரும். உச்சியில நின்னு கட்டை மாத்த முடியாது. ஒரே ஜோடி. எது வாங்கட்டும்?"

என் மகள் என்னைக் கேட்டாள் அத்தான்! லைங் தாயா தொழிற்சாலை பஸ்ஸுக்கெல்லாம் டயர் மாட்டுறவன் நான், சேத்துக்கு எது, தார் ரோட்டுக்கு எதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், ஆனா பனியை நான் கண்டது ஐஸ்பெட்டிக்குள்ளதான், தப்பாச் சொல்லி புள்ள காலை ஒடிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது, அதனால சோதிச்சே பாத்துரலாம்னு தச்சர் கோ ஸோவைக் கூப்பிட்டு ஒல்லியா ஒரு ஜோடி, அகலமா ஒரு ஜோடி பலகை இழைக்கச் சொல்லி, மழைக்கால ரப்பர் பூட்ஸை அதுமேல வெச்சு முடுக்கி, வண்டியில கட்டிக்கிட்டு த்வாண்டேக்குப் போனேன். அங்க நம்ம பீர் முகைதீன் பாயோட அரிசி ஆலைக்குப் பின்னால உமி மலையாட்டம் குவிஞ்சு கிடக்கு. பாய் என்னைப் பாத்துட்டு, "கார்த்தி, வீட்ல சொல்லிட்டு வந்தியா?"ன்னு கேட்டாரு. நான் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மேலே ஏறிட்டேன்.

ஒல்லிக் கட்டையை மாட்டிக் காலை வெச்சேன், தொடை வரைக்கும் புதைஞ்சேன். ஆலை ஆளுங்க கயிறு போட்டு இழுத்தாங்க. சரி, அகலந்தான்னு அதை மாட்டினேன் பாருங்க, ஆகா, போகுது அத்தான், கப்பல் மாதிரி போகுது! ஆனா திரும்ப மாட்டேங்குது. கீழே சூளைக்கு உமி வாங்க வந்த குயவர் அம்மா டோ கின், கைவண்டி நிறையப் பானையோட நிக்குறாங்க. "தள்ளுங்க, தள்ளுங்க!"ன்னு கத்துறேன். பதட்டத்துல தமிழ்ல கத்திட்டேன், அந்தம்மாவுக்கு எப்படிப் புரியும்? நேரா வண்டியில போய் மோதினேன். உடைஞ்ச பானைக்கு நடுவுலேர்ந்து என்னை எடுத்து உக்கார வெச்சு, "ஊலே, யாரு உங்களைத் துரத்தினா?"ன்னு பர்மீய முறைப்படி சித்தப்பான்னு கூப்பிட்டுப் பாவமாக் கேட்டாங்க. "யாரும் துரத்தலை, என் மகள் பனிமலையில ஆள் காப்பாத்துறா, அதுக்குத்தான்"னு அந்தச் சேதாரத்துக்கு நடுவுலயும் நெஞ்சை நிமித்திச் சொன்னேன். அந்தம்மா பானையை மறந்துட்டு மகளோட போட்டோவைக் கேட்டு வாங்கிப் பாத்தாங்க.

ஒல்லி புதையும், அகலம் திரும்பாது. ஆகவே வீட்டில் குப்புறப் படுத்தபடியே மகளுக்குப் போனில் தீர்ப்புச் சொன்னேன்: "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு வாங்கு. மாவுலயும் மிதக்கும், கல்லுலயும் கடிக்கும்." "அப்பா, இங்க கடைக்காரரும் அதையேதான் சொன்னாரு!" என்றாள். அந்த ஜோடியை மாட்டிக்கொண்டு முதல் நாளே, கால் முறிந்து மரங்களுக்குள் கிடந்த ஒருவரை இழுவை வண்டியில் கட்டி, ஒரு குலுக்கல் இல்லாமல் அடிவாரம் சேர்த்தாள். அந்த மனிதர் படுத்தபடியே அவளைக் கும்பிட்டதை வீடியோவில் பார்த்தேன். கடைக்கு வரும் பஸ் டிரைவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பார்க்காதவர்களுக்கு டயர் மாட்டுவதில்லை.

ஆகையால் அத்தான், மருமகன் உதயசூரியன் தங்கமான பிள்ளைதான். ஆனாலும் கல்யாணப் பேச்சை அவளிடமே பேசச் சொல்லுங்கள். ஜலதோஷம் பிடிக்காத உடம்பா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கள் இருவர் பாதங்களிலும் விழுந்து வணங்க ஆசை. குனிய முடியாததால் நின்றபடியே வணங்கும்,
கார்த்திகேசன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ராணி இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். நான் உமியில் ஏறுவதற்கு முன்பே சத்யபாமா அந்த நடுத்தர ஜோடியைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கிவிட்டாளாம். நான் தினமும் போன் போட்டு, "வந்துரும்மா, பயமா இருக்கு" என்று அழுததால், "அப்பாவுக்கு ஒரு வேலை குடுத்தாத்தான் அடங்குவாரு" என்று தாயும் மகளும் பேசி வைத்துக் கேட்டார்களாம். எனவே தாங்கள் தயவுசெய்து மேலே "நான் கண்டுபிடித்தேன்" என்கிற அர்த்தம் வரும் இடங்களில் எல்லாம் "அவள்" என்று திருத்திப் படிக்கவும். விழுந்த இடங்களை மட்டும் என் பெயரிலேயே விட்டுவிடவும்.