சைபர் பொருத்தம்

காலையிலிருந்து ஓர் ஆர்டர்கூட தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை. வாஷ்பேசின், குழாய், குளியலறைக் கண்ணாடி எல்லாம் கிளை அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே முடங்கிக் கிடந்தன. மேனேஜர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து சிஸ்டத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

சிஸ்டம் என்பது இங்கே மனிதர். அந்தக் கிளையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள். நாற்பதைத் தாண்டிய தனிக்கட்டை. எல்லோரும் அப்படியே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்காத நிலைக்கு வந்திருந்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"சைபர் பொருந்தலை சார்."

"சைபர்னா முட்டைதானே? முட்டைக்கும் முட்டைக்கும் என்னய்யா பொருத்தம் பாக்கறே?"

"அந்த சைபர் இல்ல சார். நாம அனுப்பறதை வழியில யாரும் படிச்சிடக் கூடாதுன்னு மெஷின் பூட்டி அனுப்புது. எந்தப் பூட்டுன்னு ரெண்டு பக்கமும் முதல்லயே ஒத்துக்கணும். நம்மகிட்ட இருக்கிறது பழைய பூட்டு, சுலபமா உடைச்சிடலாம். அதனால அவங்க வாங்கிக்க மாட்டேங்கறாங்க."

"அப்ப புதுப் பூட்டைப் போடு."

"அதுக்கு ஹெட் ஆபீஸைத்தான் கேக்கணும் சார்."

சொல்லும்போது சிஸ்டத்தின் குரலில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை. புதுப் பூட்டைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் விட்டுவைத்தவர் சிஸ்டமேதான் என்பதும் அவருக்குத் தெரியாது.

முதல் தடவை வந்தது உண்மையான கோளாறு. பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி இணைப்பு அறுந்துபோக, சிஸ்டம் பதறிப்போய்த் தலைமை அலுவலகத்தின் பாதுகாப்புப் பிரிவைக் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தார்.

"பதறாதீங்க சார். ஒவ்வொண்ணா பாப்போம். லைன்லயே இருங்க."

லைன்லயே இருங்க என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவருடைய அக்காகூட "சரி, வெச்சிடறேன்" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பாள்.

மெஷின் அணைந்து மறுபடி எழுந்திருக்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பேனா மேஜையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"இங்க மழை சார். அங்க?"

"இங்க இல்ல மேடம்."

பெய்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று வீடு போய்ச் சேரும் வரை நினைத்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு இணைப்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சிஸ்டத்துக்குத்தான் ஓடவில்லை. சாப்பாட்டு வேளையில் போனை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். கடைசியில் சந்தேகம் கேட்பதற்கென்று கூப்பிட ஆரம்பித்தார்.

"மேடம், சாவி நீளமா இருந்தா நல்லதுன்னு சொல்றாங்களே?"

"நல்லதுதான் சார். ஆனா எவ்வளவு நீளம்ங்கறதை விட அதை எங்க வெக்கறீங்கங்கறது முக்கியம். பாஸ்வேர்டையெல்லாம் மானிட்டர்ல ஒட்டி வெச்சிருக்கீங்களா?"

"சேச்சே, இல்ல மேடம்" என்றபடி மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டைச் சத்தமில்லாமல் கிழித்தார்.

சந்தேகங்கள் எத்தனை நாளைக்கு வரும்? அவை தீர்ந்ததும் கோளாறுகள் வர ஆரம்பித்தன.

இன்று மேனேஜர் முதுகுக்குப் பின்னால் நிற்க, அவர் எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க சார். என்ன வருது?"

"பொதுவான சைபர் எதுவும் இல்லைன்னு வருது மேடம்."

"போன மாசம்தானே சேத்தோம்?"

"ஆமா மேடம். எப்படியோ போயிடுச்சு."

ஒரு நிமிடம் பேனாச் சத்தம் நின்றது. "போகும் சார், சில சமயம்" என்றார் மேடம். "சரி, ஆரம்பிக்கலாமா?"

சிஸ்டத்துக்கு இப்போது எல்லாம் மனப்பாடம். மேடம் சொல்வதற்கு முன்பே கை அங்கே போய்விட்டது. புது மெஷின் வேறு; அணைத்த கையோடு எழுந்து நின்றது. அதன் மேல் அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆர்டர்கள் மளமளவென்று ஓடின. மேனேஜர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"வேற ஏதாவது சார்?"

நிறைய இருந்தது.

"ஒண்ணுமில்ல மேடம்."

அன்று மாலை முழுக்க யோசித்தார். சைபரைத் தொட்டால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கொஞ்சம் தேடிக் கண்டுபிடிக்கிற கோளாறாக இருக்க வேண்டும். மெஷினின் கடிகாரத்தை ஒரு வருடம் பின்னால் தள்ளினால், இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று மெஷின் பேச மறுத்துவிடும். காரணம் புரிய நேரமாகும். அதுவரை லைனிலேயே இருக்கலாம்.

மறு வாரம் கடிகாரத்தைத் தள்ளினார். போன் செய்தார். பிஸியாக இருந்தது. மறுபடி செய்தார். பிஸி.

அதற்குள் ஒரு வாடிக்கையாளர் போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "காலையிலதான் வாஷ்பேசின் ஆர்டர் பண்ணேன். இன்னும் நான் வீடுகூடப் போய்ச் சேரலை, அதுக்குள்ள ஒரு வருஷம் தாமதமானதுக்கு வருந்துகிறோம்னு மெசேஜ் வருது. என்னங்க இது?"

ஆர்டர் வாங்கும் மெஷின் போன வருடத்தில் இருந்தது. மெசேஜ் அனுப்பும் மெஷின் இந்த வருடத்தில் இருந்தது. சிஸ்டம் வியர்த்துப்போய்க் கடிகாரத்தைச் சரிசெய்தார். உடனே இணைப்பு உயிர் பெற்று, போன வருடத்துத் தேதியில் எல்லா ஆர்டரும் ஒரு தடவை போயின. தேதி தப்பாயிற்றே என்று சரியான தேதி போட்டு மறுபடி அனுப்பினார். கோடவுன்காரர்கள் இரண்டையும் வேறு வேறு ஆர்டர் என்று நினைத்து எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஒரு வீட்டு வாசலில் இரண்டு பாத்டப் இறங்கின. வீட்டுக்காரர் கோபப்படாமல்தான் கூப்பிட்டார். "நாங்க புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர்தான். சண்டை வரும், இல்லேன்னு சொல்லலை. ஆனா இந்த அளவுக்கு இல்ல சார்."

மேனேஜர் மேலிடத்துக்கே புகார் எழுதிவிட்டார். இந்த ஆள் வேலையில் நீடிப்பானா என்பதை வந்து பார்ப்பவர்கள் சொல்லட்டும் என்றும் சேர்த்து எழுதியிருந்தார். யார் வருவார்கள் என்று சிஸ்டம் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும், வருவது மேடமாக இருந்தால்? இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவர் ஒரு பருமனான இன்ஜினீயர். தண்ணீர் வாங்கிக் குடித்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், லேப்டாப்பைச் சொருகினார்.

"இன்னியோட உங்க கஷ்டம் தீந்துது சார். சைபர், சான்றிதழ், கடிகாரம் எல்லாத்தையும் இங்க யாரும் மாத்த முடியாதபடி ஹெட் ஆபீஸோட சேத்துப் பூட்டிடறேன். இனிமே நீங்க எதுக்கும் எங்களைக் கூப்பிட வேண்டியிருக்காது."

"எதுக்குமா?"

"எதுக்கும்."

சிஸ்டம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வெளியே மேனேஜர் யாரிடமோ பாத்டப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது அமுங்கியது. வேலை போனாலும் போகட்டும், பூட்டுவதற்கு முன்னால் ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"ஒண்ணு சொல்லணும் சார். மெஷின் மேல தப்பில்ல. நான்தான் மாத்தினேன். ஒவ்வொரு தடவையும் நான்தான். மேடம் குரலைக் கேக்கணும்னு."

இன்ஜினீயர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது அங்க எல்லாருக்கும் தெரியும் சார்" என்றார். "மத்த கிளையிலெல்லாம் இப்படிப் பூட்டி ஒரு வருஷமாச்சு. உங்க கிளையில பூட்டறதுக்கு நான் கிளம்பின போதெல்லாம் மேடம்தான் தடுத்துட்டே இருந்தாங்க, இந்த ஒரு கிளையிலேர்ந்தும் போன் வரலேன்னா தனக்குப் பொழுதே போகாதுன்னு."