கெட்டிமேளத்தை நிறுத்திய சட்டம்

பிராங்பேர்ட்,
ஞாயிறு மத்தியானம்.

பெருமதிப்புக்குரிய செல்வரட்ணம் அத்தானுக்கு,

மைத்துனன் உருத்திரமூர்த்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் மனைவி செல்லமும் நலம். டோட்முண்டில் அக்காவின் முழங்கால் நோவு குறைந்து, நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது தொலைபேசியில் சொல்லக்கூடிய விடயம்தான். ஆனால் தொலைபேசியில் நீங்கள் என்னை ஒரு வசனம் முழுதாகச் சொல்ல விட்டது கிடையாது, ஆகையால் கடிதம்.

உங்களைப் போல நானும் கலியாண மேடைக்கு மணவறை வாடகைக்கு விடுகிறேன், அதற்கொரு இணையத்தளம் வைத்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். நண்பன் அசோகன் செய்து தந்தது. திறந்தவுடன் கெட்டிமேளம் முழங்கும், யானை ஒன்று ஓடிவந்து தும்பிக்கையால் பூத் தூவும், பார்த்துவிட்டு நீங்களே "இது கடையோ, தேர்த் திருவிழாவோ" என்று கேட்டீர்கள். போன மாதம் ஆதிரை என்றொரு பிள்ளை எனக்குத் தொலைபேசி எடுத்தாள். இங்கே வங்கியில் வேலை, ஆவணியில் கலியாணம், பிறவியிலேயே கண் தெரியாது. "அங்கிள், சாறியும் அம்மாதான் பாத்தவ, மண்டபமும் அவதான். மணவறையையாவது நான் எடுக்கவேணும். ஆனா உங்கட தளத்தில என்னால ஒண்டும் செய்ய ஏலாமக் கிடக்கு" என்றாள். பிறகு, "இதுக்கு ஜெர்மனியில ஒரு சட்டம் வந்திருக்கு, தெரியுமோ? போன வருஷம் ஆனியில இருந்து. இணையத்தில வியாபாரம் செய்யிற ஆக்கள் தங்கட தளத்தை, செயலியை எங்களைப் போல ஆக்களும் பாவிக்கிற மாதிரி வைச்சிருக்கவேணும்" என்றாள். அதற்குப் பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். அத்தான், சட்டம் என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. வெறும் போத்தலை எந்தத் தொட்டியில் போடுவது என்பதற்கே வீட்டுக்குக் கடிதம் போடுகிற நாடு இது. "உடனே செய்யிறன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தவன்தான், கனநேரம் எழும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவளே எஸ்-பான் ரயிலில் தனியாக வந்துவிட்டாள். செல்லம் கையைப் பிடித்து இருத்தப் போக, "கதிரை எந்தப் பக்கம் எண்டு மட்டும் சொல்லுங்கோ அன்ரி" என்று சொல்லித் தானே இருந்தாள். கைத்தொலைபேசியை எடுத்தாள். திரை கறுப்பாகவே கிடந்தது. பழுதோ என்று கேட்டேன். "எனக்கேன் அங்கிள் வெளிச்சம்? பற்றரி வீணாப் போகும்" என்றாள். அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வாசிக்கத் தொடங்கியது. என்ன வேகம் அத்தான். எங்கள் ஐயர் ஒரு கலியாணத்தை முடித்துக்கொண்டு அடுத்த கலியாணத்துக்கு ஓடும்போதுகூட அந்த வேகம் வராது. அவளோ சிரித்துக் கதைத்தபடி விரலால் தட்டித் தட்டி, ரயில் நேரம் பார்த்தாள், தகப்பனுக்கு மருந்து வாங்கினாள், நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். பிறகு எங்கள் தளத்தைத் திறந்தாள். கெட்டிமேளம் தொடங்கியது. தாலி கட்டுகிற நேரம் வேறு சத்தம் ஒன்றும் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம், அது தன் வேலையைத் திறமாகச் செய்தது. வாசிக்கிற குரல் துளியும் கேட்கவில்லை. அதை நிறுத்துகிற பட்டனோ அசோகன் படமாகக் கீறிய சின்னத் தவில், குரல் வாசிக்க அதற்கு அவன் பெயரே வைக்கவில்லை. செல்லம் நிறுத்திக் கொடுத்த பிறகு குரல் வாசித்தது: "படம். படம். படம். பட்டன். படம்." இவ்வளவு காலமும் நான் தேடிச் சேர்த்த மணவறை எல்லாம் அந்தப் பிள்ளைக்கு அவ்வளவுதான்.

அசோகனைக் கூப்பிட்டேன். "மேளத்தை எடுத்தா அது செத்தவீட்டுத் தளம் மாதிரி இருக்கும்" என்று ஒரு பாட்டம் சண்டை பிடித்துவிட்டுத்தான் எடுத்தான். யானையும் போனது. மஞ்சளுக்கு மேல் தங்க நிறத்தில் இருந்த எழுத்தைக் கறுப்பாக்கினான். அதைப் பார்த்த செல்லம், "அதில எழுத்து இருந்ததோ? நான் என்ர கண்ணாடிதான் பிழை எண்டெல்லோ இருந்தனான்" என்றாள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு விளக்கம் எழுதி வைக்கவேண்டும், பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, குரல் அதைத்தான் வாசிக்கும் என்றான். அதை நானே எழுதினேன். ஒரே இருப்பில் எல்லாப் படத்துக்கும் "அழகான மணவறை" என்று எழுதி முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். பின்னேரமே ஆதிரை தொலைபேசி எடுத்தாள். "அங்கிள், அழகான மணவறை, அழகான மணவறை, அழகான மணவறை எண்டே வாசிக்குது. இதில நான் எதை எடுக்கிறது?"

நியாயமான கேள்வி. களஞ்சியத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாரும் நான் முந்தி நீ முந்தி என்று அடிபட்டு எடுக்கிற வெள்ளை யானை மணவறையில் ஒரு யானைக்குக் காது இல்லை. எப்போதோ பிளாஸ்டிக் மல்லிகையால் மூடிவிட்டு நானே மறந்துபோயிருக்கிறேன். யானையைக் கட்டிப்பிடித்தபடி நிற்கும்போது செல்லம் வந்து, "இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளைக்குத்தான் கண் தெரியாது, உங்களுக்கு என்ன வந்தது?" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளும் கண்ணை மூடிக்கொண்டு தடவத் தொடங்கினாள். மூலையில் துணி மூடிக் கிடந்த அரக்குச் சிவப்பு மணவறையைக் கைகளால் கண்டவள் அவள்தான். படத்தில் கறுப்பாக விழும் என்று ஒருவரும் அதை எடுப்பதில்லை. அதற்கு இப்படி எழுதினோம்: "அரக்குச் சிவப்பு. பதிந்த, உயரமில்லாத ஒரு படி. ஆசனத்தில் பஞ்சு நல்ல தடிப்பு. பெண் இருந்து வலக்கையை மெல்ல நீட்டினால் மயிலின் கழுத்து கைக்குள் வரும், இறகு ஒவ்வொன்றும் விரலில் படும். மேலே சின்ன மணிகள், காற்றுப் பட்டால் மட்டும் கேட்கும்."

செவ்வாய்க்கிழமை காலை பதிவு வந்தது, அந்த அரக்குச் சிவப்புக்கு. பின்னாலேயே அவளின் தாய் அம்பிகா தொலைபேசி எடுத்தா. "அது கறுப்பாயெல்லோ கிடக்குது. வெள்ளை யானையைப் போட்டு விடுங்கோ அண்ணை, அவளுக்குத் தெரியவே போகுது?" என்றா. "பதிவு பிள்ளையின்ர பேரில கிடக்குது தங்கச்சி, என்னால மாத்த ஏலாது" என்றேன். அத்தான், இத்தனை கலியாணத்துக்கு மணவறை கட்டியிருக்கிறேன். பதிவு செய்தவர் என்ற இடத்தில் தாய், தகப்பன், மாமன், சித்தப்பன் எல்லாரும் வந்திருக்கிறார்கள், பெண்ணின் பெயர் வந்தது இதுதான் முதல்தரம். அதுவும் வேலைக்குப் போகிற ரயிலில் இருந்து, கறுப்புத் திரையைத் தட்டி, ஒருவரிடமும் கேளாமல். ஒரு பிள்ளை தன் மணவறையைத் தானே எடுப்பதற்கு ஒரு நாடு மினக்கெட்டுச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆகவே தயவுசெய்து உங்கள் தளத்தையும் உடனே திருத்துங்கோ. அந்த மின்னுகிற லைற்றுகளை நிறுத்துங்கோ. எல்லாவற்றுக்கும் "அழகான" என்று எழுதாதேங்கோ. எங்களைப் போன்ற வியாபாரிகள் இந்தச் சட்டத்துக்குத் தப்பவே ஏலாது, சொல்லிப்போட்டேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. அவவின் முழங்காலுக்கு நல்லூர்க் கந்தன் துணை இருக்கட்டும், உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வியாபாரமும் கிடைக்கட்டும் என்று வேண்டி,

அன்பு மைத்துனன்,
உருத்திரமூர்த்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஆதிரை மயிலைத் தொட்டுப் பார்க்க வந்தாள். இறகெல்லாம் எண்ணிப் பார்த்து, கழுத்தில் கையை வைத்துக்கொண்டாள். சட்டத்தை ஒன்றும் விடாமல் நிறைவேற்றிவிட்டோம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "உங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை அங்கிள்" என்றாள். "பத்துப் பேருக்குக் குறைவா வேலை செய்யிற, உங்களைப் போல சின்ன இடங்களுக்கு விலக்கு இருக்கு. முதல்நாளே சொன்னனான், நீங்கள்தான் கேக்கேல்ல." பிறகேன் திருப்பிச் சொல்லவில்லை என்று கேட்டேன். "திருப்பிச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். அதுக்குள்ள நீங்கள் மயிலைப் பற்றி எழுதிட்டியள்" என்றாள். உங்களுக்கும் அந்தச் சட்டம் இல்லை அத்தான். செல்லத்துக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவள் களஞ்சியத்தில் கண்ணை மூடிக்கொண்டு குத்துவிளக்குகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். நீங்களும் இந்தப் பின்குறிப்பை வாசிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கோ.