ஆடிக்காற்றில் நான் ஓட்டாத கிலோமீட்டர்கள்

"எலும்பு கூடுற வரைக்கும் சைக்கிளைத் தொடவே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் பார்த்தது என் காறையெலும்பை. மனசை யார் பார்ப்பது?

எங்கே விழுந்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஜீயபுரம் வளைவில் இல்லை. துவாக்குடி நெடுஞ்சாலையில் லாரியோடு மோதியும் இல்லை. தென்னூரில், எங்கள் வீட்டு கேட்டில். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறாரே என்று இரண்டு கையையும் விட்டுவிட்டு ஸ்டைலாக உள்ளே நுழைந்தேன். கேட் பாதிதான் திறந்திருந்தது.

இதைப் போய் எங்கள் சைக்கிள் குழுவில் சொல்ல முடியுமா? அதற்கு நான்தான் தலைவர். ஆடி மாதக் காற்றில் யார் அதிக தூரம் ஓட்டுகிறாரோ, அவரே அடுத்த ஆடி வரை தலைவர் என்பது எங்கள் சட்டம். ஞாயிறுதோறும் முக்கொம்புக்குப் போகும்போது அவர்தான் முன்னால். அவரை யாரும் முந்தக் கூடாது. சில வருடங்களாக அந்த ராஜ மரியாதை எனக்கு. எனக்குப் பின்னால் ஷேக் தாவூது பாய், என் பின்சக்கரத்தையே பார்த்துப் பெருமூச்சு விட்டபடி.

ஆடி பிறக்கப் போகிறது. நானோ கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 'ஆபீஸ் நேரம் ஒத்துவரல, இந்த மாசம் தனியா ஓட்டிக்கிறேன்' என்று குழுவில் ஒரு பொய்யைத் தட்டிவிட்டேன்.

ஓட்ட முடியாத சைக்கிள்காரன் வேறு என்ன செய்வான்? செயினுக்கு எண்ணெய் விட்டேன். துடைத்தேன். துடைத்துவிட்டோமே என்று மறுபடி விட்டேன். ஹாலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிளில் ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்து மணி அடித்தேன்.

"யாரு வழி விடணும்? டிவியா?" என்றாள் ரோசரி. என் மனைவி. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். வீட்டிலும் டீச்சர்தான், மாணவன்தான் ஒருவன்.

அவள் கிண்டலில்தான் எனக்கு அந்த யோசனை பிறந்தது. என் சைக்கிளில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர் உண்டு. ஓடிய வழியையும் தூரத்தையும் குறித்து, குழுவின் ஆப்பில் என் பெயரில் தானே ஏற்றிவிடும். மிதிக்கிற கால் யாருடையது என்று அதற்குத் தெரியவா போகிறது? அதைக் கழற்றி, யார் கண்ணிலும் படாதபடி சீட்டுக்கு அடியில் ஒட்டினேன்.

"ரோசரி, நீ ஏன் காலையில சைக்கிள் ஓட்டக் கூடாது?"

"என்னங்க, திடீர்னு என் மேல அக்கறை?"

"குடும்பத் தலைவியோட ஆரோக்கியம்தான் குடும்பத்தோட ஆரோக்கியம்."

"எங்க படிச்சீங்க?"

"வாட்ஸ்அப்ல."

"சரி, ஓட்டுறேன். அப்ப டிபன் யாரு செய்யறது?"

"நான்."

"டீ?"

"நானேதான்."

"பாத்திரம்?"

"ஒரு கைதானே இருக்கு, ரோசரி!"

"அதனால என்ன, ஒவ்வொண்ணா கழுவுங்க."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாளே, அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை சுடிதாரில் கிளம்பினாள். சைக்கிளைக் கொஞ்ச நேரம் குடைந்துகொண்டிருந்துவிட்டுப் பறந்தாள். தெருமுனை வரை போய்த் திரும்புவாள் என்று நினைத்தேன். போனில் புள்ளி நகர்ந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு. காவிரிப் பாலம். ஸ்ரீரங்கம். உப்புமா அடிப்பிடித்தது.

அடுத்த வாரம் முக்கொம்பு. மேற்கே போகிற சாலை. ஆடிக்காற்று நேராக நெஞ்சில் மோதும். நானெல்லாம் அங்கே இறங்கி, டயரில் காற்று பார்ப்பது போல் நடித்திருக்கிறேன். ரோசரியின் புள்ளி எங்கும் நிற்கவே இல்லை. எனக்குப் புல்லரித்தது. உண்மையாகவே சொல்கிறேன், நான் என் கிலோமீட்டரை மறந்துவிட்டேன். அடுப்படியில் கரண்டியோடு நின்று, "விடாத ரோசரி, அழுத்து!" என்று கத்தினேன்.

"காத்து ரொம்பவா?" என்று வந்ததும் கேட்டேன்.

"குனிஞ்சு ஓட்டினா காத்து நம்மளைப் பிடிக்காது. காலேஜ் முடியற வரைக்கும் சைக்கிள்லதான போனேன். நீங்க கேட்டதே இல்லையே?"

கேட்டதில்லைதான்.

ஆடி முடிந்த மாலை, மாலையும் கையுமாக ஷேக் தாவூது பாய் வந்தார். பின்னால் குழுவே வந்திருந்தது. நான் கைத்தொட்டிலைச் சட்டைக்குள் மறைத்து, தலையைக் குனிந்து கொடுத்தேன். மாலை என்னைத் தாண்டிப் போனது.

"மேடம், வாழ்த்துக்கள்! இந்த வருஷம் நீங்கதான் தலைவர்."

"பாய்... ஆப்புல என் பேரு..."

"முக்கொம்பு போற வழியில, ஜீயபுரத்துல ரெண்டாவது வாரமே மேடத்தைப் பாத்துட்டோம் சார். சைக்கிள் உங்களுது, காலு அவங்களுது. ஓட்டினவங்க பேருக்கே இன்னிக்கு மாத்திட்டோம். மேடம் எல்லாம் சொன்னாங்க, நீங்க மோதின வீட்டு கேட்டு நல்லாருக்கா சார்?"

நான் ரோசரியைப் பார்த்தேன். "மீட்டர் இருந்தது உனக்கு எப்பத் தெரியும்?"

"முத நாளே. உங்க உயரத்துக்கு இருந்த சீட்டை நான் எறக்காம எப்படிங்க ஓட்டுவேன்? எறக்கப் போனா, அடியில ஒட்டி வச்சிருக்கீங்க."

"அப்ப ஏன் எதுவும் சொல்லல?"

"சொல்லியிருந்தா டீ போட்டிருப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். தோற்றதில் ஒரு பெருமை இருந்தது, மறைக்க மாட்டேன். முன்னால் போகிறவள் என் மனைவி இல்லையா?

"அப்ப ஞாயித்துக்கிழமை எனக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

தலைவி யோசித்தாள். வேலையும் கொடுத்தாள். தாவூது பாயின் மனைவி கமர் ஜஹான் ஓட்டுகிற காரில், தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்து குழுவின் பின்னாலேயே நான் போக வேண்டும். முக்கொம்பு வந்ததும் அவர்கள் பசிக்குப் பழம் உரித்துத் தர வேண்டும்.

ஆகவே, வாழைப்பழத்தை ஒரு கையால் உரிக்கும் வழி தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குச் சொல்லவும்.