தெர்மாஸ் பிளாஸ்கை வென்ற ரத்தினவேல்

“மஞ்சத்துணியில முடிஞ்சது ஆத்தா காசு. நான் தொடமாட்டேன்.”

“முடிஞ்சது நீங்க, அவுக்கிறதும் நீங்கதான் அவுக்கணும். நாளைக்குள்ள அட்வான்ஸ் கொடுக்கலேன்னா உறையூர் வீடு கைவிட்டுப் போயிடும்.”

இவ்வாறு திருவரங்கத்து மேலூர் ரோட்டுச் சந்தில், கைப்பிடியளவு மஞ்சள் மூட்டையொன்றை நடுவில் வைத்துக் கணவனும் மனைவியுமாகிய இருபெரும் சேனைகள் எதிரெதிர் நின்ற காலை, அண்டை வீட்டார் யாவரும் அரிசி களைவதை நிறுத்திச் செவி சாய்த்தோம்.

வாழ்க ரத்தினவேல்! பொன்மலை ரயில்வே பட்டறையில் இரும்பைக் கடையும் எஃகுத்தோளன். சம்பள நாளில் மட்டும் மெழுகாய் உருகும் நெஞ்சன். மின்சாரம் வராத வீட்டுக்கு மேசை விசிறி வாங்கி வந்த கொடைமடம் மிக்கோன். கையெழுத்துக்கு மேல் எழுதியறியாதவனாயினும் மூன்று பவுண்டன் பேனாக்களைச் சட்டைப்பையில் வேலென நிறுத்திய விறலோன். அவன் புகழ் மலைக்கோட்டை உச்சிக்கு எட்டியதோ இல்லையோ, அடிவாரத்துக் கடைக்காரர் அத்தனை பேருக்கும் எட்டியிருந்தது.

அவன் மனையாள் ரெங்கம்மாளோ, எட்டுக் குடும்பத்துக்கு ஒரே குழாய் என்ற இந்தச் சந்தை விட்டுத் தனிக்குழாய் வீட்டுக்குப் போயே தீருவதென்று விரதம் பூண்டவள். போன கார்த்திகையில் அவள் ஒரு சட்டம் இயற்றினாள்: கண்டதன்மேல் மனம் தாவினால் உடனே வாங்கலாகாது, அதன் விலையைத் துணியில் முடிந்து வைத்து, அடுத்த சம்பளம் வரை பொறுத்து, அப்போதும் வேண்டுமா என்று மனத்தைக் கேட்க வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, நல்ல சட்டம்தான். ஆனால் வெறுந்துணியென்றால் அவிழ்த்துவிடுவான், மஞ்சள் துணியென்றால் சமயபுரத்தாளுக்கு அஞ்சுவான் என்று ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தாளே, அங்கேதான் விதி சிரித்தது.

பெரிய கடைவீதியில், கண்ணாடிப் பேழைக்குள், செக்கச்சிவந்த மேனியும் வெள்ளிமுடியும் தாங்கி, அசுர வேந்தனென வீற்றிருந்தது ஒரு தெர்மாஸ் பிளாஸ்க். சம்பள நாள்தோறும் நம் வீரன் அதன்முன் போய் நின்றான். நெற்றியில் வியர்வை அருவியாய் இழிய, கால் கடைப்படியேற, வலக்கை பைக்குள் பாய, பாய்ந்த கையை இடக்கையால் பற்றியிழுத்து, இதை வாங்காமலிருக்க அருள் செய் ஆத்தா என்று முணுமுணுத்து, மதயானையைக் கந்தில் பிணிக்கும் பாகனைப் போலப் பன்னிரண்டு ரூபாயைத் துணியில் பிணித்தான். ஐந்து சம்பளம், ஐந்து வெற்றி. பரணி பாட ஆளில்லாத குறைதான்.

அறுபது ரூபாய் சேர்ந்தது. உறையூர் வீட்டுக்காரர் கேட்ட அட்வான்ஸும் அறுபதே. அப்போதுதான் அவன் தொடமாட்டேன் என்றான்.

நியாயம் கேட்க இருவரும் அன்று மாலையே சமயபுரத்துக்கு பஸ் ஏறினார்கள். கோயில் வாசலில் மஞ்சள் துணி விற்கும் வெள்ளையம்மாள் அந்த வழக்கை விசாரித்தாள்.

“என்ன வேண்டிக்கிட்டு முடிஞ்சீங்க தம்பி?”

“பிளாஸ்க் வாங்காம இருக்கணும்னு.”

“வாங்கினீங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப ஆத்தா கொடுத்துட்டா. நீங்கதான் இன்னும் கொடுக்கல.”

அண்டம் அதிரவில்லை, உண்டியல் அதிர்ந்தது. தன் வாழ்நாளின் ஆகப்பெரிய செலவை, ஒரு பொருளை வாங்காமலிருந்ததற்காகச் செய்து முடித்து, திருநீறு துலங்கத் திரும்பினான் ரத்தினவேல். கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறியபோது ரெங்கம்மாள், “அடுத்த மாசத்துலேர்ந்து வெள்ளைத்துணி” என்றாள்.

உறையூர் வீட்டுக்கு வைகாசியில் குடிபோனது, பக்கத்து வீட்டு நாங்கள்தான்.